திரை ஏன் பழையதையே காட்டுகிறது? மொபைல் ஆப்களில் மாறாத கண்ட்ரோல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என எதில் எழுதினாலும் இந்தச் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

டேட்டா மாறிடுச்சு, ஸ்கிரீன்ல மட்டும் பழசே நிக்குது. முதல்ல எங்க பாக்கணும்?

கோடில் கை வைக்கும் முன், மதிப்பு கிளம்பும் இடத்திலிருந்து கண்ணில் படும் இடம்வரை உள்ள வழியைப் பாருங்கள். மதிப்பு உண்மையிலேயே மாறியதா? மாறிவிட்டது என்ற செய்தி கிளம்பியதா? அந்தச் செய்தியைப் பெற்றது இப்போது திரையில் இருக்கும் அதே கண்ட்ரோல்தானா (லேபிள், பட்டன் போன்ற திரை உறுப்பு)? அதை மறுபடி வரைய ஏற்பாடு ஆனதா? வரைந்தது எதற்கும் பின்னால் மறையாமல் தெரிகிறதா? இந்த ஐந்து கண்ணிகளில் ஒன்றில்தான் சங்கிலி அறுந்திருக்கும். எந்தக் கண்ணி என்று தெரியாமல் ரிஃப்ரெஷ் கட்டளைகளை ஆங்காங்கே தூவினால் பிழை போகாது, வேறு இடத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

கண்டுபிடிக்க மூன்று லாக் வரிகள் போதும். மதிப்பை மாற்றும் இடத்தில் ஒன்று, மாற்றத்தைப் பெறும் இடத்தில் ஒன்று, கண்ட்ரோலில் எழுதும் இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மதிப்பு, த்ரெட்டின் (கோடு ஓடும் தனித் தடத்தின்) பெயர், தகவலை வைத்திருக்கும் ஆப்ஜெக்டின் அடையாள எண் மூன்றையும் அச்சிடுங்கள். அடையாள எண்ணுக்கு ஜாவா, காட்லினிலும் டார்ட்டிலும் ஐடென்டிட்டிஹேஷ்கோட், ஸ்விஃப்டில் ஆப்ஜெக்ட்ஐடென்டிஃபையர் இருக்கின்றன.

முதல் லாக் வந்து இரண்டாவது வரவில்லையென்றால், செய்தி கிளம்பவில்லை அல்லது கேட்பவர் வேறொரு ஆப்ஜெக்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கவனிக்கத் தொடங்கும் வரியிலும் அதே எண்ணை அச்சிட்டால் இது உடனே தெரிந்துவிடும். ஒரே வியூமாடல் (திரைக்கான தகவலை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) என்று நினைத்திருப்போம், இரண்டு உருவாகியிருக்கும். மூன்று லாக்கும் சரியாக வந்தும் திரை மாறவில்லையென்றால் கோளாறு கடைசி மூன்று கண்ணிகளில் இருக்கிறது.

டெக்ஸ்ட் மாத்தற வரி கண்டிப்பா ஓடுது, டீபக்கர்ல பாத்தேன். அப்பவும் லேபிள் மாறலையே?

அந்த வரிக்குப் பக்கத்திலேயே கண்ட்ரோலின் பின்னணியைச் சிவப்பாக்கும் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டுங்கள். திரையில் சிவப்பு தெரியவில்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் எழுதுவது வேறொரு கண்ட்ரோலில். ஐஓஎஸ்ஸில், திரையில் இருக்கும் வியூ கண்ட்ரோலரை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கி அதன் லேபிளை மாற்றியிருப்பார்கள். ஆண்ட்ராய்டில், லேஅவுட்டை இரண்டாம் முறை இன்ஃப்ளேட் செய்து (கோப்பிலிருந்து வியூக்களாக உருவாக்கி), திரையில் சேராத அந்தப் பிரதியில் எழுதியிருப்பார்கள். இன்க்ளூட் செய்த லேஅவுட்டில் ஒரே ஐடி இரண்டு தடவை வந்தால் ஃபைண்ட்வியூபைஐடி முதலில் கண்டதைத்தான் தரும்.

சிவப்பு தெரியாததற்கு வேறு காரணமும் உண்டு: உயரம் 0, ஆல்ஃபா 0, அல்லது மேலே இன்னொரு வியூ படுத்திருப்பது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரிலோ எக்ஸ்கோடின் டீபக் வியூ ஹைரார்க்கியிலோ திறந்து அந்தக் கண்ட்ரோலைத் தேர்ந்தெடுத்தால் அதன் அளவும் அதில் உள்ள எழுத்தும் அப்படியே தெரியும்.

சிவப்பு தெரிந்து எழுத்து மட்டும் பழையதாக இருந்தால், நீங்கள் எழுதிய பிறகு வேறொரு கோடு மேலெழுதுகிறது. அந்தச் செட்டரில் பிரேக்பாயிண்ட் வைத்து, கடைசியாக அழைத்தது யார் என்று கால் ஸ்டாக்கில் பாருங்கள். சிவப்பு தெரிந்து எழுத்தே காணோம் என்றால் எழுத்தின் நிறத்தைப் பாருங்கள். டார்க் மோடில் கருப்பின் மேல் கருப்பு எழுதிவிட்டு "அப்டேட் ஆகவில்லை" என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

பேக்ரவுண்ட் த்ரெட்ல இருந்து மாத்தினா ஆண்ட்ராய்டுல கிராஷ் ஆகுது. ஐபோன்ல சில நேரம் மாறுது, சில நேரம் மாறலை. ஏன் இப்படி?

இரண்டிலும் விதி ஒன்றுதான்: திரையைத் தொடும் வேலை எல்லாம், திரையை வரையும் மெயின் த்ரெட்டில் நடக்க வேண்டும். ஆண்ட்ராய்டு அதை வெளிப்படையாகச் சோதிக்கிறது, மீறினால் கால்டுஃப்ரம்ராங்த்ரெட் என்ற எக்ஸெப்ஷனை எறிகிறது. ஆனால் எல்லா வழியிலும் அந்தச் சோதனை நடப்பதில்லை. ஆன்கிரியேட்டில் வியூ இன்னும் திரையோடு சேராத நேரத்தில் வேறு த்ரெட்டிலிருந்து எழுதினால் ஒன்றும் ஆகாது. அதே கோடு 2 வினாடி கழித்து ஓடினால் விழும். "நேற்று வேலை செய்ததே" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐஓஎஸ்ஸின் திரைக் கருவியான யூஐகிட்டில் நிச்சயமான கிராஷ் கிடையாது. மாற்றம் தாமதமாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம், எப்போதாவது விழலாம். அதனால் எக்ஸ்கோட் 9 முதல், 2017இலிருந்து, இருக்கும் மெயின் த்ரெட் செக்கரை ஸ்கீம் அமைப்பில் அணைக்காமல் வைத்திருங்கள். ஊதா நிற எச்சரிக்கை வந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தீர்வு: ஆண்ட்ராய்டில் ரன்ஆன்யூஐத்ரெட், வியூவின் போஸ்ட், அல்லது கோரூட்டினில் டிஸ்பேச்சர்ஸ் மெயின். ஸ்விஃப்டில் டிஸ்பேச்க்யூ மெயின் அசிங்க் அல்லது மெயின்ஆக்டர். மதிப்பு மாறியதைக் கவனிப்பவருக்குச் சொல்லும் ஆண்ட்ராய்டின் லைவ்டேட்டாவில் பேக்ரவுண்டிலிருந்து போஸ்ட்வேல்யூதான் பயன்படுத்த வேண்டும், ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள்: மெயின் த்ரெட் எடுத்துக்கொள்வதற்குள் மூன்று முறை போஸ்ட் செய்தால் கடைசி மதிப்பு மட்டுமே போய்ச் சேரும். நடுவில் உள்ளவை தொலைந்துவிட்டன என்று தேட வேண்டாம், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

"ஏற்றுகிறது"ன்னு லேபிள்ல போட்டுட்டு வேலைய ஆரம்பிச்சேன். அது வரவே இல்லை, நேரா "முடிந்தது"ன்னு வருது.

லேபிளில் எழுதினால் உடனே திரையில் வரைந்துவிடும் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. எழுதும்போது "இதை அடுத்த ஃப்ரேமில் வரைய வேண்டும்" என்று குறித்துக்கொள்வது மட்டுமே நடக்கிறது. உங்கள் கோடு மெயின் த்ரெட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் வரைதல் தொடங்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லிவினாடி, 120 ஹெர்ட்ஸில் 8.33. இப்போது வரிசையைப் பாருங்கள்: லேபிளில் "ஏற்றுகிறது" என்று எழுதுகிறீர்கள், அதே ஃபங்ஷனில் 3 வினாடி கோப்பைப் படிக்கிறீர்கள், பிறகு "முடிந்தது" என்று எழுதுகிறீர்கள். அந்த 3 வினாடியும் மெயின் த்ரெட் உங்கள் கையில். வரைய வழி கிடைக்கும்போது லேபிளில் இருப்பது கடைசி எழுத்து மட்டுமே. சுழலாமல் நிற்கும் புரோகிரஸ் பாருக்கும், கடைசியில் ஒரேயடியாக 100க்குத் தாவும் சதவீதத்துக்கும் இதே காரணம்.

கனமான வேலையைப் பேக்ரவுண்டுக்கு நகர்த்துங்கள், முடிவை மட்டும் மெயினுக்குக் கொண்டுவாருங்கள். நடுவே 100 மில்லிவினாடி டிலே வைத்துச் சமாளிப்பது சரியல்ல, லேபிள் வரும், ஆனால் ஆப் உறைந்தேதான் இருக்கும். ஆண்ட்ராய்டில் தொடுதலுக்கு 5 வினாடி பதில் இல்லையென்றால் "ஆப் பதிலளிக்கவில்லை" என்ற பெட்டியே வந்துவிடும்.

நானே எழுதின கஸ்டம் வியூ. வேல்யூ மாறினா வரையலை. வரைஞ்சாலும் எழுத்து பாதியில வெட்டுது.

இவை இரண்டு தனிக் கோளாறுகள். வரையவே இல்லையென்றால், செட்டருக்குள் மறுபடி வரையச் சொல்லும் அழைப்பு விட்டுப்போயிருக்கிறது: ஆண்ட்ராய்டில் இன்வேலிடேட், யூஐகிட்டில் செட்நீட்ஸ்டிஸ்ப்ளே. ஆன்டிராவை நீங்களே நேரடியாக அழைக்கக் கூடாது.

வெட்டுப்பட்டால், உள்ளடக்கத்தின் அளவு மாறியதை லேஅவுட்டுக்குச் சொல்லவில்லை. "9" இருந்த இடத்தில் "1000" வந்தால் அகலம் மாறும். இன்வேலிடேட் பழைய பெட்டிக்குள்ளேயேதான் வரையும். ஆண்ட்ராய்டில் ரிக்வெஸ்ட்லேஅவுட்டையும் சேர்த்து அழைக்க வேண்டும். யூஐகிட்டில் இன்வேலிடேட்இன்ட்ரின்ஸிக்கன்டென்ட்சைஸ். அளவு மாறும்போது பழைய படம் இழுபட்டுத் தெரிந்தால் கன்டென்ட்மோடை ரீடிரா என்று வையுங்கள். ஃபிளட்டரின் கஸ்டம்பெயின்டரில் ஷுட்ரீபெயின்ட் எப்போதும் ஃபால்ஸ் திருப்பினால் புதிய பெயின்டர் வந்தாலும் வரையாது. அங்கே பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டுத் திருப்புங்கள்.

லிஸ்ட்ல ஒண்ணு சேத்தேன், திரும்ப அதே லிஸ்ட்ட கொடுத்தேன். ஸ்கிரீன் கண்டுக்கவே இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை "மாறியதா?" என்பதைப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு முடிவு செய்கின்றன. அதே லிஸ்ட்டின் உள்ளே ஒன்றைச் சேர்த்துவிட்டு அதே லிஸ்ட்டைக் கொடுத்தால், ஒப்பிடுவதற்குப் பழையது என்று ஒன்றே இல்லை. தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் மாற்றம் எப்படித் தெரியும்?

ஆண்ட்ராய்டின் லிஸ்ட்அடாப்டரில் சப்மிட்லிஸ்ட்டுக்கு அதே இன்ஸ்டன்ஸைக் கொடுத்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். ஸ்டேட்ஃப்ளோ, ஈக்வல்ஸ் சமமென்று சொன்னால் மதிப்பை அனுப்பாது. ஆண்ட்ராய்டின் புதிய திரைக் கருவியான கம்போஸின் மியூட்டபிள்ஸ்டேட்ஆஃப் அப்படியே, இயல்பாக உள்ளடக்கச் சமத்தைப் பார்க்கிறது. ரியாக்ட், ஆப்ஜெக்ட் டாட் இஸ் கொண்டு ரெஃபரன்ஸைப் பார்க்கிறது. ஃபிளட்டரின் வேல்யூநோட்டிஃபையரும் சமமானால் சொல்லாது. லைவ்டேட்டா இதில் ஒரு பொறி: அதே லிஸ்ட்டை செட்வேல்யூ செய்தாலும் செய்தி அனுப்பும். அதனால் அப்சர்வரில் லாக் வரும், ஆனால் அடுத்த கட்டத்தில் லிஸ்ட்அடாப்டர் அதைப் புறக்கணிக்கும். லாக் வருகிறதே என்று நம்பி இங்கே நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

புதிய லிஸ்ட்டை உருவாக்கிக் கொடுங்கள்: காட்லினில் பழையது கூட்டல் புதிய உருப்படி, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் டார்ட்டிலும் மூன்று புள்ளி ஸ்ப்ரெட். கம்போஸில் அடிக்கடி மாறும் லிஸ்ட்டானால் மியூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் பொருத்தமானது, அது உள்ளே நடக்கும் மாற்றத்தையும் கவனிக்கும். ஸ்விஃப்டில் அர்ரே மதிப்பு வகை என்பதால் அப்பெண்ட் செய்தாலே மாற்றம் பதிவாகும். ஆனால் அர்ரேக்குள் இருப்பது கிளாஸ் என்றால் அடுத்த கேள்விக்கு வருகிறீர்கள்.

காப்பி எடுத்துத்தான் கொடுக்கறேன். அப்பவும் வரி மாறலை. ஸ்க்ரோல் பண்ணிட்டு திரும்பி வந்தா மட்டும் புதுசு தெரியுது!

அந்தக் கடைசி வாக்கியமே நோயைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் காப்பி எடுத்தது வெளிப்பெட்டியை மட்டும். உள்ளே இருக்கும் உருப்படிகள் அதே ஆப்ஜெக்ட்கள், அவற்றில் ஒன்றின் பெயரையோ விலையையோ நேரடியாக மாற்றியிருக்கிறீர்கள். இரண்டு லிஸ்ட்டுகளின் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் டிஃப்யூட்டில் என்ற ஆண்ட்ராய்டு கருவி, பழைய லிஸ்ட்டின் நான்காவதையும் புதிய லிஸ்ட்டின் நான்காவதையும் எடுத்து ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட். "வேறுபாடு இல்லை" என்று முடிவு செய்து வரியைத் தொடாமல் விடுகிறது. ஸ்க்ரோல் செய்து வெளியே போய் வந்தால் அந்த வரி மறுபடி பைண்ட் ஆகிறது (அதில் தகவல் நிரப்பப்படுகிறது), அப்போது உள்ளே இருந்த புதிய மதிப்பு வெளிப்படுகிறது.

மாறிய உருப்படியையும் புதிதாக உருவாக்குங்கள். டேட்டா கிளாஸில் எல்லாவற்றையும் வேல் (மறுபடி மாற்ற முடியாதது) என்று அறிவித்து காப்பி மூலம் மாற்றினால் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. கூடவே டிஃப்யூட்டிலின் இரண்டு ஃபங்ஷன்களையும் சரிபாருங்கள்: ஆர்ஐட்டம்ஸ்தசேம் ஐடியை மட்டும் பார்க்க வேண்டும், ஆர்கன்டென்ட்ஸ்தசேம் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். முதலாவதில் உள்ளடக்கத்தைப் பார்த்தால் வரி மாறாமல், பழையது நீங்கிப் புதியது நுழைவதாக மின்னும்.

நோட்டிஃபைடேட்டாசெட்சேஞ்ச்டு போட்டா எல்லாம் சரியாகுது. அப்படியே விட்டுடலாமே?

விட வேண்டாம். அது "எது மாறியது என்று எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் மறுபடி செய்" என்று சொல்வது. திரையில் தெரியும் எல்லா வரிகளும் பைண்ட் ஆகும், அனிமேஷன் போகும், வரிக்குள் தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் ஃபோகஸ் பறிபோகலாம். அதைவிட முக்கியம், முந்தைய இரண்டு பதில்களில் சொன்ன கோளாறு உள்ளேயே இருக்கும். நாளை அதே லிஸ்ட்டை வேறொரு திரை பயன்படுத்தும்போது மறுபடி தலைகாட்டும். நோயறிய ஒருமுறை போட்டுப் பாருங்கள்: போட்டதும் சரியானால் த்ரெட்டும் கண்ட்ரோலும் சரி, ஒப்பிடுதலில்தான் பிழை. தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரோல் பண்ணினா செக்பாக்ஸ் தானா டிக் ஆகுது. நான் தொடவே இல்லை.

1000 வரி இருந்தாலும் ரீசைக்கிளர்வியூவும் யூஐடேபிள்வியூவும் திரைக்குத் தேவையான சில வரிகளை மட்டும் உருவாக்கிச் சுழற்றுகின்றன. மேலே போன வரி கீழே வேறு தகவலோடு வருகிறது. "தேர்ந்தெடுத்திருந்தால் டிக் போடு" என்று மட்டும் எழுதி, "இல்லையென்றால் எடு" என்பதை எழுதாமல் விட்டால் பழைய டிக் ஒட்டிக்கொண்டே வரும். பைண்ட் செய்யும்போது ஒவ்வொரு பண்பையும் இரு பக்கமும் எழுதுங்கள். யூஐகிட்டில் ப்ரிபேர்ஃபார்ரீயூஸில் படத்தையும் நடந்துகொண்டிருக்கும் பதிவிறக்கத்தையும் துடைத்துவிடுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஆண்ட்ராய்டில் கோடு மூலம் செட்செக்டு அழைத்தாலும், நிலை மாறினால் லிஸ்னர் ஓடும். பழைய வரியின் லிஸ்னர் இன்னும் மாட்டியிருந்தால் அது பழைய வரியின் டேட்டாவையே மாற்றிவிடும். லிஸ்னரை நல் ஆக்கி, செட்செக்டு அழைத்து, பிறகு புதிய லிஸ்னரை மாட்டுங்கள், இதே வரிசையில். ஃபிளட்டரிலும் ரியாக்டிலும் இதற்கு நிகரான கோளாறு கீ மூலம் வரும். வரிசை எண்ணைக் கீயாகக் கொடுத்தால், நடுவில் ஒன்றை நீக்கியதும் அடுத்தது அதன் நிலையைச் சுவீகரித்துக்கொள்ளும். உருப்படியின் ஐடியையே கீயாகக் கொடுங்கள்.

பேரண்ட்ல புது வேல்யூ போகுது, சைல்ட் வியூ முதல்ல வந்ததையே பிடிச்சுட்டு நிக்குது.

சைல்ட், வந்த மதிப்பைத் தன் ஸ்டேட்டுக்குள் ஒருமுறை நகலெடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபிளட்டரின் இனிட்ஸ்டேட் ஒரே ஒருமுறைதான் ஓடும். ரியாக்டின் யூஸ்ஸ்டேட்டுக்குக் கொடுக்கும் ஆரம்ப மதிப்பும் முதல் ரெண்டருக்கு மட்டுமே. ஆப்பிளின் புதிய திரைக் கருவியான ஸ்விஃப்ட்யூஐயில் இனிட்டுக்குள் ஸ்டேட்டுக்கு மதிப்பு கொடுத்தாலும் அப்படியே, கம்போஸில் கீ இல்லாத ரிமெம்பரும் அப்படியே.

நகலே வேண்டாம் என்பதுதான் நல்ல விடை, வந்த மதிப்பை நேராகக் காட்டுங்கள். திருத்தும் பெட்டி போன்றவற்றுக்கு நகல் தேவைப்பட்டால், ஃபிளட்டரில் டிட்அப்டேட்விட்ஜெட்டில் பழையதும் புதியதும் வேறா என்று பார்த்து மாற்றுங்கள், கம்போஸில் ரிமெம்பருக்கு அந்த மதிப்பையே கீயாகக் கொடுங்கள், ஸ்விஃப்ட்யூஐயிலும் ரியாக்டிலும் ஐடியை அல்லது கீயை மாற்றி அந்த வியூவைப் புதிதாகப் பிறக்க வையுங்கள்.

ஸ்விஃப்ட்யூஐல பப்ளிஷ்டு போட்டிருக்கேன். அப்பவும் சில நேரம் மாறலை, சில நேரம் ஆரம்ப மதிப்புக்கே போயிடுது.

ஆரம்ப மதிப்புக்குத் திரும்பினால், வியூவுக்குள்ளேயே அப்சர்வ்டுஆப்ஜெக்ட் என்று போட்டு ஆப்ஜெக்டை உருவாக்கியிருக்கிறீர்கள். பேரண்ட் ஒவ்வொரு முறை வரையும்போதும் புதிது பிறக்கிறது. உருவாக்கும் இடத்தில் ஸ்டேட்ஆப்ஜெக்ட், வாங்கிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அப்சர்வ்டுஆப்ஜெக்ட்.

மாறவே இல்லையென்றால், ஒரு அப்சர்வபிள்ஆப்ஜெக்டுக்குள் இன்னொன்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது மாறினால் வெளியே இருப்பது சொல்லாது. உள்ளே இருப்பதைத் தனி சைல்ட் வியூவுக்குக் கொடுத்து அங்கே கவனிக்க வையுங்கள். ஐஓஎஸ் 17இல், 2023இல், வந்த அப்சர்வபிள் மேக்ரோவில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது பாடி படிக்கும் ஒவ்வொரு பண்பையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. உள்ளே இருக்கும் கிளாஸுக்கும் அந்த மேக்ரோ இருக்க வேண்டும்.

பப்ளிஷ்டுக்கு சிங்க் போட்டு உள்ளே பழைய மதிப்பையே பார்க்கிறீர்கள் என்றால் அது பிழையல்ல. மதிப்பு மாறப்போகும் தருணத்தில்தான் செய்தி வருகிறது. ஆப்ஜெக்டின் பண்பைப் படிக்காமல், குளோஷருக்குள் வரும் மதிப்பையே பயன்படுத்துங்கள்.

ஃபிளட்டர்ல பாட்டம் ஷீட்குள்ள செட்ஸ்டேட் கூப்பிட்டேன். பின்னாடி ஸ்கிரீன் மாறுது, ஷீட் மாறலை.

ஷீட்டும் டயலாக்கும் நேவிகேட்டரில் தனி ரூட்டாகத் திறக்கின்றன. அவை உங்கள் திரையின் பில்டுக்குள் இல்லை, அதனால் அந்தத் திரையின் செட்ஸ்டேட் அவற்றைத் தொடாது. ஷீட்டின் உள்ளடக்கத்தைத் தனி ஸ்டேட்ஃபுல்விட்ஜெட்டாக எழுதுங்கள், அல்லது ஸ்டேட்ஃபுல்பில்டரில் சுற்றி அது தரும் செட்ஸ்டேட்டை அழையுங்கள்.

ஸ்விட்ச்ச தட்டறேன், நகர்ந்துட்டு உடனே பழைய இடத்துக்கே வந்துடுது.

ரியாக்ட் நேட்டிவ், கம்போஸ், ஃபிளட்டர் மூன்றிலும் ஸ்விட்ச் தன் நிலையைத் தானே வைத்துக்கொள்வதில்லை. தட்டியதும் "மாற்றலாமா?" என்று உங்களிடம் கேட்கிறது, நீங்கள் கொடுக்கும் மதிப்பைத்தான் காட்டுகிறது. கால்பேக்கில் ஸ்டேட்டை மாற்றாவிட்டால் பழையதைக் காட்டும். ஸ்விஃப்ட்யூஐயில் டாகிளுக்கு பைண்டிங் டாட் கான்ஸ்டன்ட் கொடுத்திருந்தாலும் ஸ்டேட் மாறாது, முன்னோட்டத்துக்குப் போட்டதை எடுக்க மறந்திருப்பீர்கள்.

சர்வர் பதில் வந்த பிறகே ஸ்டேட்டை மாற்றுகிறீர்கள் என்றால், அந்த இடைவெளியில் ஸ்விட்ச் குதிப்பது இயல்பு. முதலில் ஸ்டேட்டை மாற்றி, ஸ்விட்சை முடக்கி, சர்வர் மறுத்தால் திருப்பி வையுங்கள்.

வேற ஸ்கிரீன் போயிட்டு திரும்பினா அப்டேட் நிக்குது. சில நேரம் ரெண்டு தடவை வருது.

யூஐகிட்டில் வியூடிட்லோட் ஒருமுறைதான் ஓடும். திரும்பி வரும்போது வியூவில்அப்பியர்தான் ஓடும், எனவே புதுப்பிக்கும் கோடு அங்கே இருக்க வேண்டும். லைவ்டேட்டா, திரை பின்னால் இருக்கும்போது செய்தி தராது, முன்னால் வந்ததும் கடைசி மதிப்பைத் தரும். ஸ்டேட்ஃப்ளோவைக் கேட்கும்போது ரிபீட்ஆன்லைஃப்சைக்கிளுக்குள் கேளுங்கள்.

இரண்டு தடவை வந்தால் ஃபிராக்மென்ட்டைப் பாருங்கள். பேக் ஸ்டாக்கில் ஃபிராக்மென்ட் உயிரோடு இருக்கும், அதன் வியூ மட்டும் அழிந்து மறுபடி உருவாகும். ஆன்வியூகிரியேட்டடில் ஃபிராக்மென்ட்டையே ஓனராகக் கொடுத்தால் ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு அப்சர்வர் கூடும், பழையது அழிந்த வியூவில் எழுதிக்கொண்டிருக்கும். வியூலைஃப்சைக்கிள்ஓனரைக் கொடுங்கள்.

வேகமா டைப் பண்ணினா பழைய தேடலோட ரிசல்ட் வந்து உக்காந்துக்குது. பிரேக்பாயிண்ட் வெச்சா சரியா வேலை செய்யுது.

பிரேக்பாயிண்ட் வைத்தால் மறையும் பிழை ஏறக்குறைய எப்போதும் நேரப் போட்டிதான். "க" என்ற தேடல் 900 மில்லிவினாடி எடுக்கிறது, அடுத்து அனுப்பிய "கடல்" 200இல் வருகிறது. சரியான விடை திரையில் வந்து, பிறகு பழையது அதை மிதிக்கிறது. திரை அப்டேட் ஆகவில்லை என்று தோன்றும், உண்மையில் இரண்டு முறை ஆகியிருக்கிறது. முதல் பதிலில் சொன்ன லாக்கோடு கோரிக்கை எண்ணையும் அச்சிட்டால் 1, 2 என்று போய் 2, 1 என்று திரும்புவது கண்முன் தெரியும்.

புதிய தேடல் தொடங்கும்போது பழையதை ரத்து செய்யுங்கள்: காட்லினில் ஃப்ளாட்மேப்லேட்டஸ்ட், ஸ்விஃப்டில் பழைய டாஸ்க்கின் கேன்சல். ரத்து செய்ய முடியாத இடத்தில், பதில் வந்ததும் அதன் எண் கடைசி எண்தானா என்று பார்த்து, இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். தட்டச்சு நிற்கும்வரை காத்திருக்கும் 300 மில்லிவினாடி டிபவுன்ஸ் கோரிக்கைகளைக் குறைக்கும், ஆனால் இதைத் தீர்க்காது.

புரொஃபைல் படம் மாத்தினா பழைய படமே வருது.

முகவரி மாறவில்லை. படம் ஏற்றும் லைப்ரரிகள் முகவரியைக் கொண்டே கேஷில் தேடுகின்றன. ஆண்ட்ராய்டின் இமேஜ்வியூகூட அதே யூஆர்ஐயை மறுபடி கொடுத்தால் ஏற்றாது. கோப்பு மாறும்போது முகவரியில் பதிப்பு எண்ணைச் சேருங்கள். கேஷை முழுவதும் அழிக்காதீர்கள்.

டீபக் பில்டுல ஓடுது, ரிலீஸ்ல வெறுமையா வருது.

ஆண்ட்ராய்டில், ரிலீஸ் பில்டின் கோடைச் சுருக்கும் ஆர்8 என்ற கருவி ஃபீல்டுகளின் பெயரைச் சுருக்கியிருக்கும். ரிஃப்ளெக்ஷன் மூலம் ஜேசானைப் படிக்கும் லைப்ரரி அந்தப் பெயரைத் தேடிக் கிடைக்காமல் நல் வைத்துவிடும். கிராஷும் இல்லை, எழுத்தும் இல்லை. ஃபீல்டுக்கு சீரியலைஸ்டுநேம் கொடுங்கள் அல்லது கீப் விதி எழுதுங்கள். ஃபிளட்டரில் அசெர்ட்டுக்குள் எழுதிய எதுவும் ரிலீஸில் ஓடாது. மதிப்பை மாற்றும் வேலை அதற்குள் இருக்கிறதா பாருங்கள்.

ஆப்ல மாறுது, ஹோம் ஸ்கிரீன் விட்ஜெட்ல மாறலை.

விட்ஜெட்டை வரைவது உங்கள் ஆப் அல்ல. ஆண்ட்ராய்டில் ரிமோட்வியூஸை லாஞ்சர் வரைகிறது, அப்டேட்பீரியட்மில்லிஸில் 30 நிமிடத்துக்குக் குறைவாகக் கொடுத்தாலும் 30 நிமிடமாகவே எடுத்துக்கொள்ளும். டேட்டா மாறியதும் ஆப்விட்ஜெட்மேனேஜரின் அப்டேட்ஆப்விட்ஜெட்டை நீங்களே அழையுங்கள். ஐஓஎஸ்ஸில் விட்ஜெட்சென்டரின் ரீலோட்டைம்லைன்ஸ். விட்ஜெட் தனி எக்ஸ்டென்ஷன் என்பதால் ஆப்பின் சாதாரண யூசர்டீஃபால்ட்ஸை அதனால் படிக்க முடியாது, ஆப் குரூப் வழியாகப் பகிர வேண்டும்.

எது மறுபடி வரையுது, எது வரையலைன்னு கண்ணால பாக்க வழி இருக்கா?

இருக்கிறது. பழைய வியூக்களுக்கு ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஷோ வியூ அப்டேட்ஸ், வரையும் வியூ மின்னும். கம்போஸுக்கு லேஅவுட் இன்ஸ்பெக்டரில் ரீகம்போசிஷன் எண்ணிக்கை. ஃபிளட்டர் டெவ்டூல்ஸில் ஹைலைட் ரீபெயின்ட்ஸ். ஸ்விஃப்ட்யூஐயில் பாடிக்குள், அடிக்கோட்டில் தொடங்கும் பிரிண்ட்சேஞ்சஸை செல்ஃப் மேல் அழைத்தால் எந்தப் பண்பு மாறியதால் பாடி ஓடியது என்று அச்சாகும். டீபக்குக்கு மட்டும், வெளியிடும் முன் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பாத்தாச்சு, எதுவும் பிடிபடலை.

ஒரு வெற்றுத் திரையில் ஒரு பட்டன், ஒரு லேபிள் மட்டும் வைத்து அதே வியூமாடலை இணையுங்கள். அங்கே மாறினால் கோளாறு உங்கள் திரையில், மாறாவிட்டால் டேட்டா பக்கம். முன்பு சரியாக ஓடிய பதிப்பு தெரியும் என்றால் கிட் பைசெக்ட் செய்யுங்கள் (கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை). 100 கமிட் இருந்தாலும் சுமார் 7 சோதனைகளில் குறிப்பிட்ட கமிட்டுக்கு வந்துவிடலாம். அந்த கமிட்டின் டிஃப்பை, முதல் பதிலில் உள்ள ஐந்து கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.